நோகாலிகாய்: உலகின் மழைத் தலைநகரத்தில் ஒரு பாட்டில் தண்ணீருக்கு 40 நிமிடம்!

இரண்டு வருடங்களுக்கு முன்பு, சென்னையில் ஏசி அறையில் உட்கார்ந்துகொண்டு ஒரு கட்டுரை எழுதினேன். 'வாழ்நாளில் ஒருமுறையாவது பார்க்க வேண்டிய 10 அருவிகள்' என்று தலைப்பு. அந்தப் பத்தில் ஒன்றைக்கூட நான் பார்த்ததில்லை. கூகுளில் தேடி, போட்டோ போட்டு, ஒன்றரை மணி நேரத்தில் முடித்துவிட்டேன்.

அதில் மூன்றாவதாக வந்தது மேகாலயாவின் நோகாலிகாய். 'ஆண்டு முழுவதும் ஆர்ப்பரித்துக் கொட்டும் பேரருவி. மகளின் கறியைத் தின்ற தாயின் கதை' என்று அதற்கு ஒரு குட்டித் தலைப்பும் வைத்தேன். அந்த மாதம் எங்கள் டெஸ்க்கில் அதிகம் பேர் படித்தது அந்தக் கட்டுரைதான். எடிட்டர் டீ வாங்கிக் கொடுத்தார்.

அந்தக் குட்டித் தலைப்பில் இரண்டு தப்பு இருந்தது. அதைத் தெரிந்துகொள்ள எனக்கு ஒரு விமானப் பயணம், இரண்டு ஷேர் சுமோ, ஏழாயிரம் படிக்கட்டுக்குச் சமமான ஏற்ற இறக்கம், ஒரு காஸி அக்கா எல்லாம் தேவைப்பட்டன.

பிப்ரவரியில் ஏன் போனாய்?

எல்லோரும் கேட்ட கேள்வி இது. பதில் எளிமையானது. மழைக்காலத்தில் லீவு கிடைக்கவில்லை. பிப்ரவரியில் டிக்கெட் விலை குறைவாக இருந்தது.

சென்னையிலிருந்து கௌஹாத்திக்கு விமானம். அங்கிருந்து ஷில்லாங் சுமார் 100 கிலோமீட்டர். ஷில்லாங்கிலிருந்து சோரா இன்னும் 54 கிலோமீட்டர். சோரா என்றால் தெரியாதவர்களுக்கு, நாம் பள்ளிக்கூடத்தில் படித்த அதே சிரபுஞ்சிதான். ஆங்கிலேயர்கள் வாயில் மாறிப்போன பெயர் அது. உள்ளூர்க்காரர்கள் சோரா என்றுதான் சொல்கிறார்கள். இப்போது அரசுப் பெயரும் அதுவே.

வங்காள விரிகுடாவிலிருந்து கிளம்புகிற பருவமழை மேகங்கள் வங்கதேசத்தின் தட்டையான சமவெளியைத் தடையில்லாமல் கடந்து வந்து, 1,300 மீட்டருக்கும் மேல் திடீரென்று எழுந்து நிற்கிற காஸி மலைச் சுவரில் மோதுகின்றன. மேலே ஏற வழியில்லாமல் ஏறி, குளிர்ந்து, மொத்தத்தையும் இங்கேயே கொட்டிவிடுகின்றன. 1860 ஆகஸ்ட் முதல் 1861 ஜூலை வரையிலான 12 மாதங்களில் இங்கே பெய்த மழை 26,461 மில்லிமீட்டர். இன்றுவரை உலக சாதனை அதுதான். 2022 ஜூன் மாதத்தில் ஒரே நாளில் 972 மில்லிமீட்டர் பெய்தது. சென்னையில் ஒரு வருடம் முழுக்கப் பெய்வதே 1,400 மில்லிமீட்டர் சுமாருக்குத்தான்!

இதையெல்லாம் மனப்பாடமாக வைத்துக்கொண்டுதான் போனேன். அதனால்தான், சோராவில் தங்கிய இடத்தில் குளியலறை பக்கெட்டின் மேல் 'தண்ணீரைச் சிக்கனமாகப் பயன்படுத்தவும்' என்று எழுதியிருந்ததைப் பார்த்துச் சிரித்தேன். சிரித்திருக்கக் கூடாது.

கீழே இறங்கினால்தான் மேலே போக முடியும்

நோகாலிகாய் அருவியைப் பார்க்க கஷ்டப்படவே வேண்டாம். சோராவிலிருந்து காரில் போய், டிக்கெட் எடுத்து, கம்பி வேலி அருகே நின்று போட்டோ எடுத்துவிட்டு அரை மணி நேரத்தில் திரும்பிவிடலாம். பெரும்பாலானோர் அப்படித்தான் பார்க்கிறார்கள்.

இன்னொரு வழி இருக்கிறது. டிர்னா கிராமத்திலிருந்து சுமார் 3,500 படிகள் இறங்கி, பள்ளத்தாக்கின் அடியில் இருக்கிற நோங்ரியாட் கிராமத்தில் ஓர் இரவு தங்கி, மறுநாள் காட்டு வழியாக மலை ஏறி அருவிக்கு எதிரே வருவது. இதற்கு உள்ளூர் வழிகாட்டி கட்டாயம் வேண்டும். பாதை என்று நாம் நினைப்பது பல இடங்களில் பாதையே இல்லை.

நோங்ரியாட்டுக்கு வண்டி போகிற சாலை கிடையாது. அரிசி, சிமென்ட், கேஸ் சிலிண்டர், பள்ளிக்கூடப் புத்தகம் எதுவானாலும் முதுகில்தான் வர வேண்டும். படிகளில் என் கால் நடுங்கிக்கொண்டிருந்தபோது, கூம்பு வடிவ மூங்கில் கூடையை நெற்றிப் பட்டையில் மாட்டிக்கொண்டு ஒரு பாட்டி என்னைத் தாண்டி இறங்கிப் போனார். அந்தக் கூடைக்கு 'கோ' என்று பெயர். எடை முழுவதும் நெற்றியிலும் கழுத்திலும் விழும்.

கிராமத்துக்குப் போகும் வழியில்தான் உலகப் புகழ்பெற்ற வேர்ப் பாலங்கள் வருகின்றன. நம் வீட்டு வரவேற்பறையில் தொட்டியில் வைக்கிறோமே ரப்பர் செடி, அதே மரம்தான். இங்கே ஆற்றங்கரையில் ராட்சத மரமாக நிற்கிறது. அதன் வேர்களை, பிளந்து குடைந்த பாக்குமரத் தண்டுகளின் வழியாக எதிர்க்கரைக்குச் செலுத்தி, மண்ணில் ஊன்ற வைத்து, பின்னிப் பின்னிப் பாலமாக்குகிறார்கள். ஆள் நடக்கிற அளவுக்கு உறுதியாக 15 முதல் 30 வருடங்கள் ஆகலாம். நட்டவர் நடப்பாரா என்பது நிச்சயமில்லை. மரப்பாலம் மழையில் மக்கும். இது மட்டும் வயதாக ஆக உறுதியாகும். நோங்ரியாட்டில் இருப்பது ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு அடுக்கு. மேல் அடுக்கில் நின்றபோது காலுக்குக் கீழே இருப்பது ஓர் உயிர் என்ற நினைப்பில் செருப்பைக் கழற்றிவிட்டேன். கூட இருந்தவர்கள் ஒரு மாதிரிப் பார்த்தார்கள்.

1,500 ரூபாய் கேட்டார், 1,200-க்குப் பேசினேன்

நான் தங்கிய வீட்டின் அக்கா, மறுநாள் வழிகாட்டியாகத் தன் தங்கையை அழைத்து வந்தார். நாற்பது வயது இருக்கும். மெலிந்த உடம்பு. இடுப்பில் கட்டம் போட்ட துணி, காலில் சாதாரண ரப்பர் செருப்பு. என் காலிலோ நான்காயிரம் ரூபாய் ட்ரெக்கிங் ஷூ.

"உன் பெயரைப் போடாதே என்றால் போட மாட்டாய்தானே?" என்று முதலிலேயே கேட்டு வாங்கிக்கொண்டார். காஸி மக்கள் மூத்த பெண்களை மரியாதையாக 'கோங்' என்று அழைப்பார்கள், ஆண்களை 'பா'. ஆகவே இந்தக் கட்டுரையிலும் அவர் கோங்தான். அவருக்கு என் பெயர் வாயில் நுழையவில்லை. கடைசிவரை என்னைச் "சென்னை" என்றே கூப்பிட்டார்.

எனக்குத் தெரிந்த இந்தியும் அவருக்குத் தெரிந்த இந்தியும் சேர்ந்தால் ஒரு முழு வாக்கியம் வரும். அதை வைத்துக்கொண்டு கூலி பேசினோம். 1,500 கேட்டார். 'சுற்றுலாத் தலத்தில் பேரம் பேசாமல் எதையும் வாங்காதீர்கள்' என்று நானே ஒரு கட்டுரையில் டிப்ஸ் கொடுத்திருக்கிறேன். 1,200 என்றேன். கோங் அக்காவைப் பார்த்தார். அக்கா அடுப்பைப் பார்த்தார். சரி என்று தலையாட்டினார்.

அன்றிரவு, சிக்னல் கிடைத்த ஒரே பாறையின் மேல் ஏறி நின்று அம்மாவுக்கு போன் செய்தேன். "துணைக்கு யாரு?" என்றார் அம்மா. "ஒரு அக்கா வர்றாங்கம்மா." "அக்காவா? அப்போ சரி."

மூன்று பாக்கு தூரம்

காலை ஆறு மணிக்குக் கிளம்பினோம். கோங் முதுகில் ஒரு கோ கூடை. உள்ளே பிரிஞ்சி இலைக் கட்டு. பிரியாணிக்குப் போடுகிறோமே, அதேதான். குளிர்காலம்தான் அதன் அறுவடைக் காலம். மேலே சோராவில் விற்பதற்காக எடுத்து வந்திருந்தார். எனக்கு வழி காட்டுவது ஒரு வேலை; அந்தச் சுமை இன்னொரு வேலை. ஒரே நடையில் இரண்டு கூலி.

"எவ்வளவு தூரம் கோங்?"

"மூணு பாக்கு."

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. அந்தக் காலத்தில் காஸி மக்கள் வழிப் பயணத்தின் தூரத்தை, போய்ச் சேருவதற்குள் எத்தனை பாக்கு மெல்ல வேண்டியிருக்கும் என்று கணக்கிட்டுத்தான் சொல்வார்கள். பாக்கு, வெற்றிலை, சுண்ணாம்பு மூன்றும் சேர்ந்ததற்கு 'குவாய்' என்று பெயர். வீட்டுக்கு யார் வந்தாலும் முதலில் குவாய்தான். நம் வீட்டுத் தாம்பூலம் நினைவுக்கு வந்து, உற்சாகமாக ஒன்றை வாங்கி வாயில் போட்டேன். நம் ஊர்க் காய்ந்த கொட்டைப்பாக்கு மாதிரி இல்லை; ஈரமான பச்சைப்பாக்கு. இரண்டாவது நிமிடம் காது சூடாகி, நெற்றி வியர்த்து, தலை சுற்றியது. கோங் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

ரெயின்போ அருவி வரை பாதை தெளிவாக இருந்தது. கம்பிப் பாலங்கள், பாசி படிந்த கற்படிகள், பாக்குத் தோப்புகள். அருவியின் கீழே நீலமும் பச்சையும் கலந்த குளம். அங்கே பத்து நிமிடம் கால் நனைத்து, ரீல்ஸுக்கு வீடியோ எடுத்து, கையில் இருந்த இரண்டு பாட்டில் தண்ணீரில் ஒன்றைத் தலையில் ஊற்றிக்கொண்டேன். "மேலே நிறைய இருக்கும்ல" என்று நினைப்பு.

கோங் பார்த்துக்கொண்டிருந்தார். "அதை நிரப்பிக்கோ" என்றார். ஆற்று நீரைக் குடித்தால் வயிற்றுக்கு ஆகாது என்று ஏதோ ஒரு வெப்சைட்டில் படித்திருந்தேன். "வேண்டாம் கோங், மேலே பார்த்துக்கலாம்" என்றேன்.

அதற்குப் பிறகு படிகள் இல்லை. மரவேரைப் பிடித்து ஏறுவது, பாறையைக் கட்டிக்கொண்டு நகர்வது, உதிர்ந்த மூங்கில் இலைகளில் வழுக்குவது என்று போனது. கோங் முன்னால் அரிவாளால் கொடிகளை ஒதுக்கிக்கொண்டே போனார். ஒன்பது மணிக்கு என் பையை வாங்கித் தன் கூடையில் போட்டுக்கொண்டார். நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம்.

வீடு யாருக்கு?

மூச்சு வாங்குவதற்காகப் பேச்சுக் கொடுத்தேன். கோங் வீட்டில் ஐந்து பிள்ளைகள். அவர் கடைசிப் பெண். காஸி சமூகம் தாய்வழிச் சமூகம். குழந்தைகளுக்கு அம்மாவின் குலப்பெயர்தான். பூர்வீக வீடு கடைசி மகளுக்குப் போகும். அவளை 'கா கட்டு' என்பார்கள்.

"ஆஹா! நானும் எங்க வீட்டுல கடைசிப் பெண்தான் கோங். எங்க ஊருல எனக்கு ஒண்ணும் கிடைக்காது, அண்ணனுக்குத்தான் வீடு" என்றேன்.

கோங் நின்று திரும்பிப் பார்த்தார். "வீடு கிடைக்கும். வீட்டை விட்டு வெளியே போக முடியாது."

பெற்றோரைக் கடைசிவரை பார்த்துக்கொள்வது கடைசி மகளின் பொறுப்பு. கல்யாணமாகாத அண்ணன், புருஷனை விட்டு வந்த அக்கா, யாருக்குக் கஷ்டம் வந்தாலும் திரும்பி வந்து தங்குகிற இடம் அவள் வீடுதான். கோங்கின் அண்ணன்கள் இரண்டு பேர் ஷில்லாங்கில் இருக்கிறார்கள். இவருக்கும் ஒரு கடையில் வேலை கிடைத்ததாம். அம்மா படுத்த படுக்கையாக இருந்ததால் போகவில்லை.

"இப்போ அம்மா?"

"கடவுள் வீட்டில் குவாய் சாப்பிடுகிறார்."

இறந்துபோனார் என்பதை அவர்கள் அப்படித்தான் சொல்வார்கள். சட்டென்று புரியவில்லை. புரிந்தபோது என்ன சொல்வதென்று தெரியவில்லை. 'பெண்கள் ராஜ்ஜியம்' என்றுதான் மேகாலயாவைப் பற்றி நம் ஊரில் எழுதுவோம். நானும் எழுதியிருக்கிறேன். சொத்துக்கு வாரிசு என்பது பொறுப்புக்கும் வாரிசு என்பதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

சொட்டு... சொட்டு...

பதினொன்றரை மணிக்கு என் இரண்டாவது பாட்டிலும் காலி. கோங் தன் பாட்டிலை நீட்டினார். ஆளுக்கு இரண்டு மடக்கு. அதுவும் முடிந்தது. "கொஞ்ச தூரத்தில் ஊற்று இருக்கு, கவலைப்படாதே" என்றார்.

ஊற்று இருந்த இடத்தில் ஈரமான பாறைதான் இருந்தது.

கோங் முகம் மாறியதை அப்போதுதான் முதல்முறை பார்த்தேன். "போன மாசம் ஓடிச்சு" என்று மெதுவாகச் சொன்னார். என் வலது தொடையில் தசை இழுத்துக்கொண்டது. அப்படியே உட்கார்ந்துவிட்டேன். கீழே இறங்க மூன்று மணி நேரம். மேலே ஏற அதற்கும் மேல். வடகிழக்கில் பிப்ரவரியில் ஐந்தரைக்குள் இருட்டிவிடும். போனில் சிக்னல் இல்லை. உலகிலேயே அதிகம் மழை பெய்கிற மலையில், குடிக்க ஒரு வாய் தண்ணீர் இல்லாமல் உட்கார்ந்திருக்கிறேன். பயமாக இருந்தது. அழுகை வந்தது. உண்மையைச் சொன்னால், அழுதேன்.

கோங் ஒன்றும் சொல்லாமல் பாறை ஓரமாக ஏறிப் போனார். கொஞ்ச நேரத்தில் மூங்கில் வெட்டுகிற சத்தம் கேட்டது. ஒரு மூங்கிலை நீளவாக்கில் பிளந்து, பாறை இடுக்கில் கசிவு இருந்த இடத்தில் ஒரு முனையைச் செருகி, மறுமுனையில் ஓர் இலையை மடித்து வைத்து, அதன் கீழே என் பாட்டிலை நிறுத்தினார். மேகாலயா மலைகளில் மூங்கில் குழாய் வைத்து ஊற்று நீரை வெற்றிலைக் கொடிகளுக்குக் கொண்டுபோகிற பாசன முறை காலங்காலமாக இருக்கிறது. அதன் குட்டி வடிவம் அது.

சொட்டு... சொட்டு... ஒரு லிட்டர் பாட்டில் நிரம்ப 40 நிமிடம் ஆனது.

அந்த நேரத்தில்தான் இங்கே என்ன பிரச்னை என்று கேட்டுத் தெரிந்துகொண்டேன். மழை நான்கைந்து மாதங்களில் மொத்தமாகக் கொட்டுகிறது. செங்குத்தான சரிவு. மேல்மண்ணை மழையே அரித்துக்கொண்டு போய்விட்டது; கீழே இருப்பது பல இடங்களில் சுண்ணாம்புக்கல். வந்த வேகத்தில் தண்ணீர் வங்கதேசச் சமவெளிக்கு இறங்கிவிடுகிறது. பிடித்து வைத்துக்கொள்ளக் காடு வேண்டும். மேலே பீடபூமியில் காடு இருந்த பல இடங்களில் இப்போது புல்வெளிதான். குளிர்காலத்தில் சோராவைச் சுற்றியுள்ள கிராமங்களில் பெண்கள் ஊற்றைத் தேடிக் குடத்தோடு நடக்கிறார்கள். தங்கிய இடத்தில் பக்கெட்டின் மேல் எழுதியிருந்தது நகைச்சுவை இல்லை.

அவள் என்ன சுமந்தாள்?

பாட்டில் பாதி நிரம்பியிருந்தபோது, "நீ என்ன வேலை பார்க்கிறாய்?" என்று கேட்டார் கோங். சொன்னேன். நோகாலிகாய் பற்றி ஏற்கெனவே எழுதியிருப்பதையும் பெருமையாகச் சொல்லித் தொலைத்தேன். "என்ன எழுதினே?" என்றார். தலைப்பைச் சொல்ல நாக்கு வரவில்லை. "லிகாய் கதை..." என்று இழுத்தேன்.

காஸி மொழியில் 'நோ' என்றால் குதிப்பது. 'கா' என்பது பெண்பாலைக் குறிக்கும். நோ-கா-லிகாய் என்றால் லிகாய் குதித்த இடம்.

கோங் சொன்ன கதை இது. அருவிக்கு மேலே ராங்ஜிர்டே என்ற ஊரில் லிகாய் என்ற பெண் இருந்தாள். கைக்குழந்தையோடு புருஷனை இழந்தாள். அவன் செய்த சுமைகூலி வேலையை இவள் செய்யத் தொடங்கினாள். பகலெல்லாம் சுமை, வீட்டுக்கு வந்தால் முழு நேரமும் குழந்தையோடு. இரண்டாவது கல்யாணம் நடந்தது. மனைவிக்குத் தன்னைவிடக் குழந்தை மேல்தான் பாசம் என்று அவனுக்குப் பொறாமை. ஒருநாள் அவள் வேலைக்குப் போயிருந்தபோது குழந்தையைக் கொன்று சமைத்து வைத்துவிட்டுப் போய்விட்டான். லிகாய் திரும்பி வந்தபோது வீட்டில் யாருமில்லை. தேடிப் போக நினைத்தாள். ஆனால் சுமை தூக்கிய களைப்பு, பசி. இருந்ததைச் சாப்பிட்டாள். சாப்பிட்டதும் வழக்கம்போல் குவாய் போடப் பாக்குக் கூடையை இழுத்தாள். அதற்குள் ஒரு பிஞ்சு விரல் கிடந்தது. கையில் கத்தியோடு ஓடினாள். ஓடிய ஓட்டத்தில் மலை விளிம்பிலிருந்து குதித்துவிட்டாள்.

எனக்குத் தெரிந்த கதைதான். ஆனால், கையில் குவாயோடு, பக்கத்தில் சுமைக் கூடையோடு உட்கார்ந்திருந்த ஒரு பெண் சொல்லிக் கேட்டபோது வேறு கதையாக இருந்தது.

"எல்லாரும் விரலைப் பத்தித்தான் கேட்பாங்க" என்றார் கோங். "எந்த டூரிஸ்ட்டும் அவ என்ன சுமந்தான்னு கேட்டதில்லை."

"என்ன சுமந்தா கோங்?"

"இரும்பு. எங்க பாட்டி அப்படித்தான் சொல்லுவா."

காஸி மலையில் பல நூற்றாண்டுகளாக இரும்பு உருக்கும் தொழில் நடந்தது. உருக்கிய இரும்பு மனித முதுகில்தான் சமவெளிக்கு இறங்கியது. நெற்றிப் பட்டையில் இரும்பைத் தூக்கிக்கொண்டு இந்தச் சரிவில் ஏறி இறங்கிய ஒரு பெண்ணை அப்போதுதான் என்னால் நினைத்துப் பார்க்க முடிந்தது. என் தலைப்பில் அவள் 'தின்றவள்' மட்டும்தான். உழைத்தவள் இல்லை.

பாட்டில் நிரம்பியது. முதல் மடக்கை என்னிடம் கொடுத்தார்.

340 மீட்டர்... நூல் மாதிரி!

மதியம் இரண்டு மணிக்கு மரங்கள் விலகின. கோங் ஒன்றும் சொல்லவில்லை. தாடையை மட்டும் அசைத்துக் காட்டினார்.

எதிரே பிரம்மாண்டமான பாறைச் சுவர். பச்சை மேல்விளிம்பு, கீழே பழுப்பும் மஞ்சளுமாக அடுக்கடுக்கான பாறை. அதன் நடுவே 340 மீட்டர் உயரத்திலிருந்து வெள்ளை நூல் மாதிரி ஒற்றைத் தாரை. எங்கும் மோதாமல், ஒரே விழுச்சியாகக் கீழே போகிறது. இப்படி நேராக விழுகிற அருவிகளில் இந்தியாவிலேயே உயரமானது இதுதான் என்கிறார்கள். பாதி வழியில் காற்று அந்த நூலை எடுத்து ஒரு பக்கமாக வளைத்தது. தண்ணீர் புகையாகி, மறுபடி சேர்ந்து விழுந்தது. கீழே கண்ணாடி மாதிரி நீலப்பச்சைக் குளம்.

'ஆண்டு முழுவதும் ஆர்ப்பரித்து' என்று எழுதியிருந்தேனே! ஆர்ப்பரிப்பு எதுவும் இல்லை. காதைக் கூர்மையாக வைத்தால்தான் சத்தம் கேட்டது. முழுக்க மழையை நம்பியிருக்கிற அருவி. மழை நின்றால் இப்படித்தான் இளைக்கும்.

ஏமாற்றமாக இருந்ததா? இல்லை. ஒரு பாட்டில் நிரம்ப 40 நிமிடம் காத்திருந்து வந்தவளுக்கு அந்த நூல் பெரிய விஷயமாகத் தெரிந்தது. அவ்வளவு தண்ணீர், சும்மா விழுந்துகொண்டே இருக்கிறது.

நாலரை மணிக்கு, தவழாத குறையாக வியூ பாயின்ட்டை அடைந்தோம். பட்டை, தேன், பிரிஞ்சி இலை விற்கிற கடைகள். லிகாய் கதையை எழுதி வைத்த பலகை. அதன் முன் செல்ஃபி. காரில் வந்திறங்கிய ஒரு குடும்பம் எட்டிப் பார்த்துவிட்டு, "இவ்வளவுதானா? போட்டோவுல பெருசா இருந்துச்சே" என்று சலித்துக்கொண்டது. கோங்கிடம் மொழிபெயர்த்துச் சொன்னேன்.

"ஜூலையில் வரச் சொல்லு" என்றார். "அப்போ பெருசாத்தான் இருக்கும். மேகம் மூடிக்கும், ஒண்ணும் தெரியாது."

டீக்கடையில் உட்கார்ந்து 1,500 ரூபாயை நீட்டினேன். எண்ணிப் பார்த்து, மடித்து, துணி முடிச்சில் வைத்துக்கொண்டார். "இதைக் காலையிலேயே கொடுத்திருக்கலாம்" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். என்னால்தான் சிரிக்க முடியவில்லை. அன்று அவர் தண்ணீரைக் குடித்தேன். என் சுமையை அவர் முதுகில் ஏற்றினேன். காலையில் அதே ஆளிடம் முந்நூறு ரூபாய்க்கு மல்லுக்கட்டினேன்.

அன்றிரவு சோராவில் உறவினர் வீட்டில் தங்கிவிட்டு, மறுநாள் பிரிஞ்சி இலையை விற்று, அரிசியும் எண்ணெயும் வாங்கிக்கொண்டு, டிர்னா படிகளில் இறங்கி வீட்டுக்குப் போவாராம். கூடை காலியாகப் போகாது. 'குப்ளே' என்றார். காஸி மொழியில் நன்றியும் அதுதான், வாழ்த்தும் அதுதான். நானும் 'குப்ளே' என்றேன். நெற்றிப் பட்டையை இழுத்துச் சரி செய்துகொண்டு, திரும்பிப் பார்க்காமல் நடந்தார்.

நீங்கள் போவதாக இருந்தால்...

* நோங்ரியாட் – நோகாலிகாய் காட்டு வழியை மழைக்காலத்தில் முயற்சி செய்ய வேண்டாம். பாறைகள் வழுக்கும், ஓடைகள் திடீரென்று பெருகும். நவம்பர் முதல் மார்ச் வரை ஏற்ற காலம். அருவி இளைத்திருக்கும் என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். நீர் நிறைந்த அருவிதான் வேண்டுமென்றால், மழை விட்ட அக்டோபரில் காரில் போய் வியூ பாயின்ட்டிலிருந்து பாருங்கள்.
* உள்ளூர் வழிகாட்டி இல்லாமல் போகாதீர்கள். கூலியில் பேரம் வேண்டாம்.
* ஆளுக்குக் குறைந்தது மூன்று லிட்டர் தண்ணீர், உப்புச்சர்க்கரைக் கரைசல் பாக்கெட், டார்ச் கட்டாயம். விடிந்ததும் கிளம்பிவிடுங்கள்.
* நோங்ரியாட்டில் ஏடிஎம் கிடையாது. சிக்னலையும் நம்ப முடியாது. ரொக்கமாகப் பணம் வைத்திருங்கள்.
* ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலானோர் தேவாலயத்துக்குப் போவார்கள். கடைகள், வண்டிகள் குறைவு. அதற்கேற்பத் திட்டமிடுங்கள்.
* முழங்கால் வலி உள்ளவர்கள் டிர்னா படிகளோடு நிறுத்திக்கொள்வதே நல்லது. அதுவே போதும் என்கிற அளவுக்கு வேர்ப் பாலங்கள் இருக்கின்றன.
* கொண்டுபோகிற பிளாஸ்டிக்கைத் திரும்ப எடுத்து வாருங்கள். அங்கே குப்பையையும் யாராவது ஒருவர் முதுகில்தான் மேலே ஏற்ற வேண்டும்.

சென்னை வந்த மறுநாள் ஆபீஸில் முதல் வேலையாக அந்தப் பழைய கட்டுரையைத் திறந்தேன். 'ஆண்டு முழுவதும் ஆர்ப்பரித்துக் கொட்டும்' என்பதை நீக்கிவிட்டு, 'மழைக்காலத்தில் பெருகி, குளிர்காலத்தில் நூலாக இளைக்கும்' என்று மாற்றினேன். குட்டித் தலைப்பையும் அழித்தேன். 'இரும்பு சுமந்த லிகாயின் அருவி' என்று போட்டேன்.

"இதை யார் க்ளிக் பண்ணுவா?" என்றார் எடிட்டர்.

தெரியவில்லை சார் என்றேன். மாற்றியதை மட்டும் அப்படியே விட்டுவிட்டேன்.